நான்காவது எந்தத் தட்டில் இருக்கிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பதினொன்றாம் வகுப்பு, பாடம் உயிரி மூலக்கூறுகள். கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என நான்கு. "இட்லியில் கார்போஹைட்ரேட், சாம்பார்ப் பருப்பில் புரதம், தாளித்த எண்ணெயில் கொழுப்பு என்று தட்டைக் காட்டியே மூன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன். அப்ப நாலாவது எங்கப்பா இருக்கு, அதை ஏன் யாருமே சாப்பிடச் சொல்றதில்லைன்னு கேட்டுட்டா. எனக்குப் பதில் தெரியவில்லை" என்கிறார். இதில் கேள்விகள் இரண்டு: எதில் இருக்கிறது, ஏன் சாப்பிடச் சொல்வதில்லை. அவர் கேட்காத மூன்றாவது ஒன்று இவற்றுக்கு அடியில் கிடக்கிறது: இந்த நான்கும் உணவு வகைகளா? குழப்பம் முழுக்க அங்கேதான் பிறக்கிறது. ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

மதுரையில் ஒரு கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் உயிர்வேதியியல் சொல்லிக் கொடுத்தேன். அதில் பாதிக்கு மேல் செய்முறை வகுப்புகள்தான். நான் மருத்துவர் இல்லை. கீழே யூரிக் அமிலம் பற்றிக் கொஞ்சம் வரும். அதை வேதியியலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரை மருந்தை உங்கள் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

இட்லியைக் கார்போஹைட்ரேட் என்பது சந்தைக் கணக்கு. எது அதிகமோ அதன் பெயரை வைத்துவிடுகிறோம். அரிசியில் ஏழு விழுக்காடு அளவுக்குப் புரதம் உண்டு. உளுந்தில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். இரண்டும் விதைகள். விதை என்றால் செல்கள், செல் என்றால் அதைச் சுற்றிக் கொழுப்பாலான சவ்வு, உள்ளே டிஎன்ஏ என்ற நியூக்ளிக் அமிலம். போதாக்குறைக்கு மாவை இரவெல்லாம் புளிக்க வைக்கிறோம். பொங்கி வழிகிற மாவில் லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒரு பாக்டீரியாவை உலர்த்தி எடை போட்டால் என்ன தேறும் என்பது ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவில் நன்றாக அளந்து பார்த்த கணக்கு: பாதிக்கு மேல் புரதம், ஐந்தில் ஒரு பங்கு ஆர்என்ஏ என்ற இன்னொரு நியூக்ளிக் அமிலம், மூன்று விழுக்காடு டிஎன்ஏ. ஆக உங்கள் மகள் தேடிய நான்காவது, நீங்கள் முதலாவதாகக் கைகாட்டிய அந்த இட்லிக்குள்ளேயே இருந்தது. அளவுதான் சொற்பம்.

இந்த நான்கும், ஒரே கைப்பிடி அணுக்களை உயிர் நான்கு விதமாகக் கோத்துக்கொண்ட முறைகள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் நான்கிலும் உண்டு. புரதத்துக்கும் நியூக்ளிக் அமிலத்துக்கும் நைட்ரஜன் சேரும். புரதத்தில் கொஞ்சம் கந்தகம், நியூக்ளிக் அமிலத்தில் கட்டாயம் பாஸ்பரஸ். கார்பனுக்கு நான்கு கை. அந்த நான்கு கையால் இன்னொரு கார்பனையும் பிடிக்கலாம் என்பதால்தான் சங்கிலி, கிளை, வளையம் எல்லாம் சாத்தியமாகின்றன. சர்க்கரைகளைக் கோத்தால் மாவுச்சத்து, அமினோ அமிலங்களைக் கோத்தால் புரதம், நியூக்ளியோடைடுகளைக் கோத்தால் நியூக்ளிக் அமிலம். கோக்கும்போது ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். வயிற்றில் செரிக்கும்போது அதே நீர் திரும்ப நுழைந்து கண்ணியை அறுக்கும். கொழுப்பு மட்டும் இந்த மூன்றோடு சேராது. அது நீண்ட சங்கிலியே இல்லை. நல்லெண்ணெயும் கொலஸ்டிராலும் உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. தண்ணீரோடு ஒட்டாது என்ற ஒரே குணத்துக்காக இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டிருக்கிறோம். பாடப்புத்தகத்தில் நான்கும் சமமாக வரிசையில் நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கோக்கிற விதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் காட்டுவது கஞ்சி போட்ட சுங்குடிச் சேலை. பருத்தி நூலில் பெரும்பங்கு செல்லுலோஸ். அது குளுக்கோஸ் கோத்த சங்கிலி. மேலே போட்ட கஞ்சி மாவுச்சத்து. அதுவும் குளுக்கோஸ் சங்கிலிதான். சேலையும் குளுக்கோஸ், கஞ்சியும் குளுக்கோஸ். கஞ்சியைக் குடித்தால் பசியாறும், சேலையைத் தின்றால் ஆறாது. இரண்டிலும் கண்ணிகள் இணையும் கோணம் வேறு. மாவுச்சத்தில் ஆல்ஃபா இணைப்பு, சங்கிலி சுருண்டுகொள்ளும், நம் எச்சில் நொதியே அதை வெட்டும். செல்லுலோஸில் பீட்டா இணைப்பு, சங்கிலிகள் நேராக நீண்டு பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி ஒட்டிக்கொள்ளும், அதை வெட்டும் நொதி நம்மிடம் இல்லை. மாட்டிடமும் இல்லை. மாட்டின் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது. வைக்கோலைத் தின்று மாடு பால் கறப்பது அவற்றின் புண்ணியம்.

இன்னொன்றும் மதுரைக்காரர்களுக்குச் சொல்லலாம். விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கும்போது பல்லில் வழுக்கும் கடல்பாசியைக் கவனித்திருப்பீர்கள். அது அகர். கடலில் வளரும் சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாக் கரையில் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் பாசியில் அகர் தருவதும் உண்டு. அது கேலக்டோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலி, அதாவது கார்போஹைட்ரேட். இப்போது ஆட்டுக்கால் சூப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் அதுவும் கட்டியாகத் துள்ளும். அது ஜெலட்டின், புரதம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிக் கட்டி. ஆனால் ஜெலட்டின் நாக்குச் சூட்டிலேயே உருகிவிடும், கடல்பாசியோ எண்பது டிகிரிக்கு மேல் போனால்தான் இளகும். அதனால்தான் சூப் வாயில் கரைகிறது, கடல்பாசியை மெல்ல வேண்டியிருக்கிறது. நுண்ணுயிரியல் ஆய்வகங்களுக்கு அகர் வந்து சேர்ந்ததும் இந்த வித்தியாசத்தால்தான். 1881-ஆம் ஆண்டுவாக்கில் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியா வளர்க்க ஜெலட்டினைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். உடல் வெப்பநிலையில் வைத்தால் அது இளகி ஓடியது. அங்கே வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸெயின் மனைவி ஃபேன்னி, தன் சமையலறையில் ஜெல்லி செய்யப் பயன்படுத்திய அகரைச் சொன்னார். இன்றைக்கும் டிஎன்ஏ துண்டுகளை நீளவாரியாகப் பிரித்துப் பார்க்க நாங்கள் வார்க்கும் பலகை, அகரைச் சுத்திகரித்து எடுத்த அகரோஸ்தான். ஜிகர்தண்டாவின் உறவுக்காரப் பொருளில்தான் நான்காவது மூலக்கூறைக் கண்ணால் பார்க்கிறோம்.

ஆட்டுக்கால் என்றதும் ஒரு இடைச்செருகல். அந்த ஜெலட்டின் வருவது கொலாஜன் என்ற புரதத்திலிருந்து. மூன்று சங்கிலிகள் கயிறு போல முறுக்கிக்கொண்ட உருவம் அது. அந்த மும்முறுக்கைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் முன்வைத்தார்கள். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டும், பின்னால் 1963-இல் வெளிவந்த ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் இன்றும் உலகில் எந்தப் புரத வடிவத்தையும் சரிபார்ப்பதில்லை. சூப் குடித்தால் கொலாஜன் நேராக மூட்டில் போய் ஒட்டும் என்கிறார்களே, அது உறுதியான சேதி இல்லை. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் அறுபட்ட பிறகுதான் ரத்தத்துக்குப் போகிறது. அங்கிருந்து மூட்டுக்கு ஏதாவது நன்மை உண்டா என்பதில் ஆய்வுகள் ஒருமிக்கவில்லை. ஜெலட்டினில் டிரிப்டோஃபான் என்ற அவசியமான அமினோ அமிலம் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். அதனால் அதை மட்டும் நம்பிப் புரதக் கணக்கை முடிக்க முடியாது. ருசிக்குக் குடியுங்கள், நானும் குடிக்கிறேன்.

சரி, நான்காவது எதில் அதிகம்? விதி எளிது. செல்கள் எங்கே நெருக்கமாக இருக்கின்றனவோ அங்கே அதிகம், செல்கள் எங்கே குறைவோ அங்கே குறைவு. சர்க்கரை, எண்ணெய், நெய் மூன்றிலும் இல்லையென்றே சொல்லிவிடலாம். அவை செல்லிலிருந்து பிரித்தெடுத்த சரக்கு. முட்டையில் புரதம் நிறைய, நியூக்ளிக் அமிலமோ மிகக் குறைவு. காரணம் மஞ்சள் கரு முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு செல், மிச்சமெல்லாம் குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு மூட்டை. பாலிலும் அப்படித்தான். நல்ல மாட்டுப் பாலில் ஒரு மில்லிலிட்டருக்குப் பல ஆயிரம் செல்கள் மிதந்தாலும், நிறைந்திருக்கும் கேசின் என்ற புரதத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஆட்டு ரத்தப் பொரியல் இன்னும் வேடிக்கை. பாலூட்டிகளின் சிவப்பணுவில், டிஎன்ஏ இருக்கும் இடமான உட்கரு கிடையாது. ரத்தத்தில் செல்கள் ஏராளம், ஆனால் டிஎன்ஏ அவற்றினூடே இருக்கும் சொற்ப வெள்ளையணுக்களில் மட்டும். கோழிச் சிவப்பணுவில் உட்கரு உண்டு. ஆட்டு ரத்தத்துக்கும் கோழி ரத்தத்துக்கும் இந்த விஷயத்தில் ஏணி வைத்தாலும் எட்டாது.

செல்கள் அடைத்து வைத்த மாதிரி இருக்கும் உறுப்பு எது என்றால், நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் தெரிந்த சுவரொட்டி. மண்ணீரல். வெள்ளையணுக்கள் கும்பலாகக் குடியிருக்கும் இடம் அது. எங்கள் துறையில் டிஎன்ஏ பிரிக்கும் செய்முறைக்கு ஆண்டுதோறும் வாங்குவதும் சுவரொட்டிதான். ஆய்வக உதவியாளர் அண்ணன் விடிகாலையில் நெல்பேட்டைக்குப் போய், ஐஸ் டப்பாவில் போட்டு வாங்கி வருவார். ஒரு வருஷம் அவர் லீவு, நானே போனேன். "டீச்சரம்மா, மசாலாவெல்லாம் போட்டு வதக்கினா நல்லாருக்கும், இதைப் போயி பாட்டில்ல போடுறேங்கறீங்க" என்று கடைக்கார பாய் வருத்தப்பட்டார். அவர் வருத்தத்திலும் நியாயம் இருந்தது.

செய்முறையை விடப் பெரிய பாடம் எனக்கு வாழைப்பழத்தில் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகள் கல்லூரியைப் பார்க்க வரும் நாட்களில் சுவரொட்டி வேண்டாமென்று, சிறுமலைப் பழத்தை உப்பும் பாத்திரம் துலக்கும் சோப்பும் போட்டு மசித்து, வடிகட்டி, குளிர்ந்த ஆல்கஹாலை மேலே மெல்ல ஊற்றிக் காட்டுவோம். வெள்ளையாக நூல் நூலாக, பஞ்சு மாதிரி எழும்பி வரும். "இதுதான் டிஎன்ஏ" என்பேன், பிள்ளைகள் வாய் பிளப்பார்கள். ஏழெட்டு வருஷம் இப்படியே ஓடியது. ஒரு முறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "மிஸ், அது டிஎன்ஏதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அன்று சாயங்காலமே அந்தப் பஞ்சை எடுத்து டைஃபீனைலமின் கரைசலில் போட்டுக் கொதிநீரில் வைத்தேன். டிஎன்ஏ இருந்தால் நீலமாக வேண்டும். பக்கத்துக் குழாயில் சுவரொட்டியிலிருந்து எடுத்தது பளிச்சென்று நீலமானது. வாழைப்பழப் பஞ்சில் நீலம் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பழத்தில் பெக்டின் என்ற கார்போஹைட்ரேட் ஏராளம். ஆல்கஹால் பட்டால் அதுவும் இப்படியே வெள்ளையாகத் திரளும். அதாவது நான் அத்தனை வருஷம் நான்காவது மூலக்கூறு என்று காட்டியதில் பெரும்பகுதி முதலாவது. டிஎன்ஏ அதில் இல்லாமல் இல்லை, கொஞ்சம் கலந்திருந்தது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பஞ்சு அதனுடையது என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பையன் எந்தப் பள்ளி என்றுகூட நான் குறித்து வைக்கவில்லை.

நியூக்ளிக் அமிலம் கண்டுபிடிக்கப்பட்ட விதமும் ஏறக்குறைய இப்படித்தான், கழிவில் கைவிட்டு. 1869-இல் ஜெர்மனியின் டூபிங்கனில், ஒரு பழைய கோட்டையின் சமையலறையை ஆய்வுக்கூடமாக்கியிருந்த இடத்தில், ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற இளைஞர், மருத்துவமனையிலிருந்து வந்த சீழ் படிந்த கட்டுத்துணிகளைக் கழுவி வெள்ளையணுக்களை எடுத்தார். அவற்றின் உட்கருவில் புரதம் போல நடந்துகொள்ளாத, பாஸ்பரஸ் மிகுந்த ஒன்று இருந்தது. உட்கருவில் கிடைத்ததால் நியூக்ளின் என்று பேர் வைத்தார். அமில குணம் தெரிந்தபின் நியூக்ளிக் அமிலம் என்று மாறியது. பாஸ்பேட்டால் வந்த அமில குணம் அது, எலுமிச்சை போலப் புளிக்கும் என்று பொருள் இல்லை. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் உருவம் தெரிய 1953 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி இரண்டாவது கேள்வி, ஏன் சாப்பிடச் சொல்வதில்லை. ஒன்றை உணவில் கட்டாயம் எடுத்துக்கொள் என்று சொல்வதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: உடம்பால் அதைச் செய்துகொள்ள முடியவில்லை, அல்லது வேண்டிய அளவுக்குச் செய்ய முடியவில்லை. அந்தக் கண்ணில் நான்கையும் பாருங்கள். புரதத்தில் ஒன்பது அமினோ அமிலங்களை நம்மால் செய்ய முடியாது, வெளியிலிருந்துதான் வர வேண்டும். கொழுப்பில் லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்று இரண்டு. கார்போஹைட்ரேட்டில் அப்படி ஒன்றுகூட இல்லை, குளுக்கோஸை அமினோ அமிலத்திலிருந்தே கல்லீரல் செய்துவிடும். இதைக் கேட்டுவிட்டு நாளையிலிருந்து சோற்றை நிறுத்த வேண்டாம். செய்ய முடியும் என்பது வேறு, எது சுலபம் என்பது வேறு. நியூக்ளிக் அமிலத்திலும் ஒன்றுகூட இல்லை. கிளைசின், குளூட்டமின், அஸ்பார்ட்டேட் ஆகிய சாதாரண அமினோ அமிலங்கள், கரியமில வாயு, சர்க்கரையிலிருந்து வரும் ரைபோஸ், கொஞ்சம் பாஸ்பேட், ஃபோலேட் என்ற வைட்டமின் கொண்டுவந்து தரும் ஒற்றைக் கார்பன், இவற்றை வைத்துக் கல்லீரல் டிஎன்ஏவின் எழுத்துகளில் இரண்டான அடினினையும் குவானினையும் (பியூரின்கள் என்பது இவற்றைத்தான்) அணு அணுவாகக் கட்டுகிறது. பழைய டிஎன்ஏ, ஆர்என்ஏ உடைந்து வரும் துண்டுகளையும் வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. சுவரொட்டியின் டிஎன்ஏவைத் தின்றால் அது குடலிலேயே நொறுங்கிவிடும். அதில் வரும் பியூரின்களில் பெரும்பகுதியை உடம்பு தன் டிஎன்ஏவுக்குச் சேர்த்துக்கொள்வதும் இல்லை, யூரிக் அமிலமாக்கி வெளியேற்றுகிறது. ஆட்டின் மரபணு நம் உடம்பில் சேருமோ என்ற பயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆட்டுக்கறி தின்றும் யாருக்கும் கொம்பு முளைக்கவில்லை.

அந்தப் பட்டியலில் ஃபோலேட் என்று ஒரு பெயர் வந்ததே, அங்கேதான் உங்கள் மகளின் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் இருக்கிறது. நியூக்ளிக் அமிலத்தைச் சாப்பிடச் சொல்வதில்லை, அதைக் கட்டுவதற்கான கருவியைச் சாப்பிடச் சொல்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்தோடு சேர்த்துத் தரும் ஃபோலிக் அமில மாத்திரை அதற்குத்தான். ஃபோலேட் இல்லாமல் டிஎன்ஏவின் தைமின் எழுத்தைச் செய்ய முடியாது. வேகமாகப் பிரிந்து பெருகும் செல்களுக்கு, எலும்பு மஜ்ஜைக்கும் கருவில் வளரும் சிசுவுக்கும், அந்தக் குறை முதலில் தெரியும். மஜ்ஜையில் செல் பெரிதாகிக்கொண்டே போகும், பிரியாது. அதுவே ஒருவகைச் சோகை. இதைக் கண்டுபிடித்த வேலையில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக மில் தொழிலாளர் குடும்பத்துப் பெண்களுக்கு வந்த சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-இல் எழுதினார். அதிலிருந்த பொருளைப் பிறகு 1941-இல் கீரையிலிருந்து பிரித்து, இலைக்குரிய லத்தீன் சொல்லை ஒட்டி ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். ஆகவே தட்டில் கீரையைக் காட்டி "இது நாலாவதைக் கட்டுற கொத்தனாரோட கரண்டி" என்று சொல்லிப் பாருங்கள்.

நியூக்ளிக் அமிலத்துக்கு என்று உணவு அளவு எதுவுமே கிடையாதா என்றால், எனக்குத் தெரிந்து ஒரே ஓர் எண் உண்டு, அதுவும் உச்சவரம்பு. ஈஸ்ட், பாக்டீரியா, பாசி இவற்றைப் புரத உணவாக வளர்த்துப் பஞ்சத்தைத் தீர்க்கலாம் என்று 1970-களில் பெரிய நம்பிக்கை இருந்தது. நான் முன்பு சொன்ன அந்த ஐந்தில் ஒரு பங்கு ஆர்என்ஏ அங்கே குறுக்கே வந்தது. அப்படிப்பட்ட உணவிலிருந்து பெரியவர்கள் எடுத்துக்கொள்ளும் நியூக்ளிக் அமிலம் நாளொன்றுக்கு 2 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று ஐ.நா.வின் புரத ஆலோசனைக் குழு வரையறுத்தது. காரணம் யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக் அமிலத்தை இன்னும் உடைத்து, எளிதில் கரையும் பொருளாக்கும் நொதி இருக்கிறது. மனிதர்களிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் அது வேலை செய்வதில்லை. நமக்கு யூரிக் அமிலமே கடைசி நிறுத்தம். அது ரத்தத்தில் நன்றாகக் கரையாது. தேக்கம் அதிகமானால் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்கும். கால் பெருவிரல் சிவந்து வீங்கி, மேலே போர்வை பட்டாலும் உயிர் போகும் அந்த வலிக்குப் பெயர் கவுட்.

என் சித்தப்பாவுக்கு இது வந்தது. யாரோ "புரதம் கூடாது" என்று சொல்ல, முட்டையையும் பாலையும் நிறுத்தினார். சாம்பாரில் பருப்பை ஒதுக்கினார். ஞாயிற்றுக்கிழமை சுவரொட்டியை மட்டும் விடவில்லை, "அது ரத்தம் ஊறுறதுக்கும்மா" என்பார். வேதியியல்படி நேர்த் தலைகீழ். யூரிக் அமிலம் வருவது பியூரினிலிருந்து. அதனால் புரதம் எவ்வளவு என்பதை விட, அதோடு எத்தனை உட்கரு சேர்ந்து வருகிறது என்பதே இங்கே பேச்சு. முட்டையும் பாலும் இந்தக் கணக்கில் மிகக் கீழே. ஈரல், சுவரொட்டி, நெத்திலி மிக மேலே. பருப்பிலும் சில கீரைகளிலும் பியூரின் ஓரளவு உண்டு. ஆனாலும் இறைச்சி, மீன் அளவுக்கு அவை கவுட்டைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகளில் தெரியவில்லை. அதற்கு மேல் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நம் யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்தச் செல்கள் உடைவதால் வருவது, சாப்பாட்டால் வருவது மிச்சம்தான். பெரும்பாலோருக்குச் சிக்கல் சிறுநீரகம் அதைப் போதுமான அளவு வெளியேற்றாததில் இருக்கிறது. அதனால் சுவரொட்டியை விட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சித்தப்பாவுக்கும் சொல்லவில்லை, மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

உறுதியில்லாத பகுதிக்கு வருகிறேன். தாய்ப்பாலில் தனி நியூக்ளியோடைடுகள் உண்டு. அதைப் பார்த்துப் பால்பவுடர்களிலும் சேர்க்கிறார்கள். வேகமாக வளரும் பச்சிளங்குழந்தைக்கும், குடல் பாதிக்கப்பட்ட நோயாளிக்கும் வெளியிலிருந்து வருவது உதவக்கூடும் என்ற கருத்துக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஆய்வுகள் இருக்கின்றன. நான் எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நன்றாகச் சாப்பிடும் பெரியவர்களுக்கு "டிஎன்ஏ சத்து" என்று டப்பாவில் விற்பதை வாங்க வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரிந்த உயிர்வேதியியலில் இல்லை. இதுபோலவே, டிஎன்ஏ பற்றி நம் ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் கதையிலும் பாதி உறுதி, பாதி மிகை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் எம்130 என்ற ஒய் குரோமோசோம் அடையாளத்தைக் கண்டது உண்மை. ஆப்பிரிக்காவிலிருந்து கரையோரமாகக் கிழக்கே போனவர்களின் தடம் என்று கருதப்படும் அதே அடையாளம் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. அதிலிருந்து "முதல் இந்தியர் கிடைத்துவிட்டார்" என்று செய்தி எழுதியது மிகை. ஒய் குரோமோசோம் காட்டுவது அப்பா, அப்பாவின் அப்பா என்று ஒரே ஒரு கோட்டை. அம்மா வழியிலும் மற்ற கிளைகளிலும் வந்த ஆயிரக்கணக்கான முன்னோர்களைப் பற்றி அது வாயே திறக்காது. அடையாளமும் அந்த ஒரு கிராமத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

நான்கோடு உயிர் முடிந்துவிட்டது என்றும் மகள் நினைத்துக்கொள்ள வேண்டாம். சாயங்காலம் மல்லிகை விரியும்போது வருகிற வாசனையில் பென்சைல் அசிட்டேட், லினலூல், கொஞ்சூண்டு இண்டோல் எல்லாம் இருக்கின்றன. அனைத்தும் கார்பன் சேர்மங்கள், அனைத்தும் உயிர் செய்தவை, நான்கு பெட்டியில் எதிலும் ஒழுங்காக உட்காராதவை. தேர்வில் நான்கு என்று எழுதட்டும். பெட்டி போட்டது நாம்தான் என்று தெரிந்து எழுதட்டும்.

கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் வாழைப்பழம் வேண்டாம், ஆட்டு ஈரலில் ஒரு கட்டைவிரல் அளவுத் துண்டு போதும். கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, மிக்ஸியில் சில நொடி மட்டும் அடித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு ஒரு தேக்கரண்டி விட்டு, நுரைக்காமல் கலக்குங்கள். செல்லின் கொழுப்புச் சவ்வு கிழிவது இப்போதுதான். இன்னும் ஒரு தேக்கரண்டி உப்பு. பிறகு புது அன்னாசியைப் பிழிந்து சில சொட்டு. அதிலிருக்கும் நொதி, டிஎன்ஏவைச் சுற்றியுள்ள புரதத்தை அறுக்கும். பத்து நிமிஷம் விட்டு, ஃப்ரீசரில் வைத்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலைச் சம அளவு, டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றுங்கள். அடுப்பு எரிகிற பக்கம் போக வேண்டாம், ஆல்கஹால் சட்டெனப் பற்றும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் வெள்ளை நூல் எழும்பும். பல்குத்தும் குச்சியை விட்டுச் சுழற்றினால் சுற்றிக்கொண்டு வரும். அதிலும் கொஞ்சம் புரதமும் ஆர்என்ஏவும் ஒட்டியிருக்கும். மகள் "இது டிஎன்ஏதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், டைஃபீனைலமின் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம், அதில் அடர் கந்தக அமிலம் வருகிறது. பள்ளியில் வேதியியல் ஆசிரியரிடம் குச்சியோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.